மாத்திரை இருக்கிறதா, பாட்டி?



2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. கடலின் கொந்தளிப்பால் மக்கள் கலங்குவதைச் சொல்லும் லூக்கா நற்செய்திதான் அன்றைய வாசகம். அடுத்து சாத்தனூர் அணையின் நீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகி, நம் பாகூர்ப் பக்கத்து ஊர்களில் புகுந்தது. குருவிநத்தத்தில் இருக்கும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அரிசி, போர்வை, பிஸ்கட் என்று ஓடி ஓடிக் கொடுத்தோம். நல்லதுதான். ஆனால் "மாத்திரை இருக்கிறதா, பாட்டி?" என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்? சர்க்கரை நோயாளிக்குப் பொட்டலச் சோறு மட்டும் போதாது. கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் வைத்த இன்சுலின் என்னாகும்? டயாலிசிஸ் செய்துகொள்பவர் வெள்ளம் வடியட்டும் என்று காத்திருக்க முடியுமா?

நல்ல சமாரியர் முதலில் பார்த்தது காயத்தை. எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் கட்டினார். சாப்பாடு கொடுத்தாரா என்று லூக்கா சொல்லவே இல்லை!

அடுத்த மழைக்கு முன், அன்பியக் கூட்டத்தில் ஒரு நோட்டுப் போடுவோம். நம் தெருவில் யார் என்ன மருந்து சாப்பிடுகிறார், யாரால் நடக்க முடியாது, யார் நிறைமாதக் கர்ப்பிணி என்று அவரவர் சம்மதத்தோடு எழுதிவைப்போம். கோயிலுக்கு வராத வீடுகளையும் விட்டுவிட வேண்டாம். மருந்துச் சீட்டையும் பத்து நாள் மாத்திரையையும் பிளாஸ்டிக் பையில் கட்டிப் பரண்மேல் வைக்கச் சொல்வோம்.