பெருத்த சுரப்பியும் பிறழ்ந்த கட்டளையும்



நமது கழுத்தின் முன்புறத்திலே தைரொயிட்டுச் சுரப்பி இருப்பதை நீங்கள் அறிவீர்கள். அதன் பின்பக்கத்திலே, பொதுவாக, நெல்மணியளவான நான்கு சிறு சுரப்பிகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இவையே பராதைரொயிட்டுச் சுரப்பிகள். மனித உடலில் இவை உள்ளமையை 1880 இல் விளக்கி எழுதியவர் சுவீடன் தேசத்து இவார் சான்ட்ஸ்ட்ரோம். இவற்றை முதலிற் கண்டபோது அவர் ஒரு மருத்துவ மாணவரே என்பதை இளைஞர்கள் மனங்கொள்ளல் வேண்டும்.

இவற்றின் தொழில் யாது? இரத்தத்திலுள்ள கல்சியத்தைக் காவல் செய்வதேயாம். கல்சியம் குறைந்தால், 84 அமினோ அமிலங்கள் கோத்த ஓர் ஓமோனை இவை சுரக்கின்றன. அது எலும்பிலிருந்து கல்சியத்தை எடுத்து இரத்தத்துக்கு அளிக்கிறது. சிறுநீரோடு வீணே கழியாமலும் தடுக்கிறது. அளவு நிரம்பியதும் சுரப்பு அடங்குகிறது. கலத்தின் மேற்பரப்பிலுள்ள ஒரு புரதமே இவ்வளவை உணர்கிறது. அப்புரதம் 1993 இல் அறியப்பட்டது.

ஆனால், சுரப்பி பெருத்து ஓமோன் மிகுந்தால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். எலும்பு நலியும், சிறுநீரகத்திலே கல் விளையும், சோர்வு வாட்டும்.

வியன்னா நகரிலே திராம் வண்டியில் வேலைசெய்த ஒருவருக்கு எலும்புகள் உருக்குலைந்தன. சுரப்பி பெருப்பது எலும்பு நோயை ஈடுசெய்வதற்கே என்று அக்காலத்திற் பலர் எண்ணினர். ஆகவே பீலிக்ஸ் மான்டில் என்னும் வைத்தியர் முதலில் வேறொருவரின் சுரப்பியை அவருக்குப் பொருத்திப் பார்த்தார், பயனில்லை. 1925 இல் பெருத்த சுரப்பியை அகற்றினார், நோயாளி தேறினார். சில ஆண்டுகளின்பின் நோய் மீண்டதாயினும், காரணம் எது, காரியம் எது என்பது தெளிவாயிற்று.

சுரப்பி ஏன் பெருக்கிறது? 1991 இல் ஒரு விடை கிடைத்தது. சைக்கிளின் டீ ஒன்று என்னும் புரதம் கலத்தைப் பிரிந்து பெருகுமாறு தூண்டுவது. சில கட்டிகளில் பதினோராம் நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு தலைகீழாகத் திரும்பிவிடுகிறது. அதனால் ஓமோனை ஆக்கும்படி ஏவும் கட்டளை, இப்புரதத்தின் பரம்பரையலகுக்கு அருகே போய்ச் சேர்கிறது. ‘ஓமோனை ஆக்கு’ என்ற ஏவல், ‘பெருகு, பெருகு’ என்றாகிவிடுகிறது.

மற்றொரு வகைப் பெருக்கமும் உண்டு. சிறுநீரகம் நெடுங்காலம் பழுதுற்றால் பொசுபேற்று உடலிலே தங்கும், விற்றமின் டீ செயலுருப் பெறுவது குறையும், கல்சியமும் தாழும். நான்கு சுரப்பிகளும் ஓயாது உழைத்துப் பெருக்கும். நாளடைவில் கல்சியத்தை உணரும் புரதம் அக்கலங்களிற் குன்றுவதால், அவை அடங்க மறுக்கும். நமது நாட்டின் வடமத்திய மாகாணத்திலே சிறுநீரக நோய் பல குடும்பங்களை வாட்டுவதால், இது நமக்குத் தூரத்துச் செய்தியன்று.

இன்னுமொன்று. கல்சியம் உயர்ந்தாற் சுரப்பியே குற்றவாளி என்று முடிவுகட்டலாகாது. இவ்வோமோனை ஒத்த வேறொரு புரதத்தைச் சில புற்றுநோய்கள் சுரப்பதாக 1987 இல் அறியப்பட்டது. ஆகவேதான் வைத்தியர்கள் கல்சியத்தோடு ஓமோனையும் அளந்து பார்க்கின்றனர்.

பெரியோர்களே, கழலைபோல இந்த வீக்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் அகப்படாது. சிறுநீரகக்கல் திரும்பத்திரும்ப வந்தாலோ, சிறு விழுகையில் எலும்பு முறிந்தாலோ, ‘வயதின் கோளாறு’ என்று வாளாவிராதீர்கள். இரத்தத்திற் கல்சியத்தைப் பரிசோதிக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். இளைஞர்களே, வீட்டிலுள்ள முதியோரை அழைத்துச் செல்வது உங்கள் கடன்.