தாய்க்கு ஊசி, சேய்க்கும் மருந்து



மொழி வளர்க்கும் மேடையில் பால்வினை நோயைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் தயங்கக்கூடும். தயக்கம் சொல்லில் பிறப்பதால் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சிபிலிஸ் புண்ணை நம் முன்னோர் 'பறங்கிப்புண்' என்றனர். இத்தாலியர் அதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரரோ நேப்பிள்ஸ் நோய் என்றனர். ஆக, அது எங்கும் அயலார் தந்த நோய்! 1905இல் ஜெர்மனியில் ஷௌடினும் ஹாப்மனும் அதன் கிருமியைக் கண்டறிந்த பின்னரும் பழிச்சொல் முற்றாக நீங்கவில்லை. நாம் வழங்கும் 'பால்வினை' என்னும் சொல்லிலும் 'செய்த வினை' என்ற பொருள் நிழலாடுகிறது. 'பாலுறவுவழித் தொற்று' என்பதே எனக்கு உவப்பானது.

கருவுற்ற பெண்ணுக்குப் புண்ணோ வலியோ இல்லாமலே இந்நோய் இருக்கலாம். இரத்தப் பரிசோதனையே அதைக் காட்டும். கிருமி நஞ்சுக்கொடியைக் கடந்து சிசுவை அடைந்தால் கருச்சிதைவு நேரலாம், குழந்தை இறந்தோ நோயுடனோ பிறக்கலாம்.

மருந்து பழையது, மலிவானது: பென்சாத்தைன் பென்சிலின். தொடக்கநிலை நோய்க்கு 24 இலட்சம் அலகு, தசையில் ஒரே ஊசி. நாட்பட்ட நோய்க்கு வாரம் ஒன்றாக 3 ஊசி. வேறு மாத்திரை கொடுத்தால் என்ன? டாக்சிசைக்ளின் சிசுவின் பல்லையும் எலும்பையும் பாதிக்கக்கூடும் என்பதால் விலக்கப்படுகிறது. எரித்ரோமைசினோ நஞ்சுக்கொடியைப் போதிய அளவு கடப்பதில்லை. தாய் தேறியதுபோல் தோன்றுவார். வயிற்றுக்குள் சிசு நோயோடு கிடக்கும். இருவரையும் குணப்படுத்தும் என நம்பத்தக்கது பென்சிலின் ஒன்றே. ஆதலால் அம்மருந்து ஒவ்வாத கர்ப்பிணிக்கும் மருந்தை மாற்றுவதில்லை. மருத்துவமனையில் வைத்து, மிகச் சிறிய அளவில் தொடங்கி, உடலைப் படிப்படியாகப் பழக்கி அதையே செலுத்துகின்றனர்.

அந்த ஊசியும் பிரசவத்திற்கு 30 நாளேனும் முந்தியிருக்க வேண்டும். வெட்கத்தால் தள்ளிப்போடும் ஒவ்வொரு வாரமும் சிசுவின் கணக்கிலிருந்தே கழிகிறது. மலேசிய மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகள் அனைவருக்கும் வழக்கமாகவே இச்சோதனை செய்யப்படுவதன் நுட்பம் இங்கே விளங்கும்: எல்லாரையும் சோதிக்கும்போது எவரும் சுட்டப்படுவதில்லை. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடென 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் மலேசியாவை அறிவித்தது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அத்தகுதியை முதலில் பெற்ற நாடு இதுவே.

கணவரை மறந்துவிடலாகாது. அவரும் சோதனைக்கு வந்து சிகிச்சை பெறாவிடில், ஊசி போட்டுக்கொண்ட மனைவிக்கு அதே கர்ப்பகாலத்தில் நோய் மீண்டும் தொற்றக்கூடும்.