இருக்கும் ஊரிலிருந்தே உலகப் பணி



வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களில் கல்வி கற்ற இளைஞர்கள் வேலை நாடி நகரங்களுக்குச் செல்வது பல்லாண்டுகளாக நடந்து வருகிறது. பெற்றோர் ஊரில், பிள்ளைகள் வெளியூரில். மருத்துவமும் உழவும் இடத்தோடு பிணைந்த பணிகள். ஆயின், கணினிவழி நடைபெறும் அறிவுப்பணிகள் பலவற்றை எவ்வூரிலிருந்தும் செய்ய இயலும். அதற்குரிய தகுதி, கருவிகளை வாங்கிக் கொடுப்பதனால் மட்டும் வந்துவிடாது. கல்வியே அதனைத் தருதல் வேண்டும்.

லினக்ஸ் என்னும் கணினி இயக்கமுறைமையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1991இல் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் அதனைத் தொடங்கினார். பின்னர்ப் பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் அதனை வளர்த்தனர். நிரலில் திருத்தம் செய்ய விழைபவர் அதனை மின்னஞ்சலில் அனுப்புவார். அத்திருத்தம் ஏன் தேவை என்பதையும் உடன் எழுதுவார். மற்றையோர் பலரறியக் குறைகளைச் சுட்டுவர்; அவர் சீர்செய்து மீண்டும் அனுப்புவார். 2005இல் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் என்னும் மென்பொருள், மாற்றியவர் யார், மாற்றிய நாள் எது என்பவற்றோடு, அவர் எழுதிய விளக்கத்தையும் பதிந்து வைக்கிறது. பல்லாண்டு கழித்து வருபவரும் அதனைப் படித்துப் பணியைத் தொடரலாம்.

இதிலிருந்து மூன்று பண்புகள் புலனாகின்றன: காரணத்தைத் தெளிவாக எழுதுதல், குறை சுட்டுவோரை வெறாது திருத்திக்கொள்ளுதல், கண்காணிப்பார் இன்றியும் சொன்ன நாளில் முடித்தல். தேர்வறையில் மேற்பார்வையாளர் கண்முன் எழுதப்படும் விடைத்தாள் இவற்றை வளர்ப்பதில்லை. திருத்துபவர் ஒருமுறை படித்தவுடன் அதன் பயன் முடிந்துவிடுகிறது.

ஆதலின், பள்ளிகள் வேறொரு பயிற்சியையும் மேற்கொள்ளலாம். வெவ்வேறு ஊர்களிலுள்ள இரு மாணவர்கள், நேரில் சந்திக்காமல் எழுத்தின் வழியாகவே, தத்தம் ஊர் ஏரிகளைப் பற்றி ஓர் அறிக்கை உருவாக்கட்டும். மூன்றாம் மாணவர் ஒருவர், எவரையும் வினவாமல், அவர்தம் குறிப்புகளைக் கொண்டே அதனைத் தொடர முடிகிறதா என்பதே மதிப்பெண்ணுக்கு அளவாகட்டும்.

இல்லத்தாருக்கும் இதில் பங்குண்டு. வீட்டிலிருந்து பணியாற்றும் மகளை விடுப்பில் இருப்பவராகக் கருதி, இடையிடையே அழைத்து வேலை ஏவுதல் ஆகாது. அவர்தம் பணிநேரத்தை அலுவலக நேரமாகவே மதித்தல் வேண்டும்.

பள்ளியும் இல்லமும் இவ்வாறு துணைநின்றால், ஊரை விட்டுச் செல்வது பிள்ளைகளின் விருப்பமாக இருக்கும், கட்டாயமாக இராது.