ஆண்டு நிறைவில் ஒரு கலைஞரின் இரண்டு ஏடுகள்

(ஆண்டு நிறைவுக் கூட்டம் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டின் கடைசி வாரங்களில் அமெரிக்கத் தமிழ்க் குடும்பங்கள் யாவும் ஏதேனும் ஒரு கணக்கைப் பார்க்கின்றன. விடுமுறை எத்தனை நாள் எஞ்சியுள்ளது, ஓய்வூதியச் சேமிப்பு எவ்வளவு சேர்ந்துள்ளது, மருத்துவக் காப்பீட்டில் எதைத் தெரிவு செய்வது என்பவை அக்கணக்குகள். நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு இவற்றில் பெரும்பகுதியை நிறுவனமே முடித்துத் தந்துவிடுகிறது.

எந்த நிறுவனத்தையும் சாராமல் கலையையே தொழிலாகக் கொண்டவருக்கு அந்த வசதி இல்லை. அவர் இரண்டு ஏடுகளைத் தாமே திறந்து பார்க்க வேண்டும். முதலாவது படைப்பேடு. இவ்வாண்டு என்ன படைத்தோம், வரும் ஆண்டில் எதைப் படைக்கப் போகிறோம் என்பது அதில் இருக்கும். இரண்டாவது வரவு செலவேடு. அந்த அடுத்த படைப்பு முடியும் வரை வாழ்க்கையை நடத்த இயலுமா என்பது அதில் தெரியும். முதல் ஏட்டைப் பாராட்டுவதில் தமிழ்ச் சமூகம் ஒருபோதும் குறை வைத்ததில்லை. இரண்டாம் ஏட்டின் வரவுப் பக்கத்தில் அதே சமூகத்தின் பெயர் எத்தனை இடங்களில் காணப்படுகிறது? இன்றைய உரையின் பொருள் இக்கேள்விதான்.

ஹூஸ்டனில் பாடியது, பெர்லினில் வெளிவந்தது

கானவ்யா துரைசாமி என்னும் பாடகரை எடுத்துக்கொள்வோம். நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்தவர். பீங்கான் கிண்ணங்களில் நீர் நிரப்பி இசைக்கும் ஜலதரங்கக் கலையில் புகழ்பெற்ற சீதா துரைசாமியின் பேத்தி. அரிகதை, அபங்கம் ஆகிய மரபுகளில் பயின்று, பின்னர் பெர்க்லீ இசைக் கல்லூரியிலும் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் கற்றவர். 2018ஆம் ஆண்டு வெளியான ‘ஐக்கியம்: ஒன்னு’ என்னும் தொகுப்பில், அமெரிக்க ஜாஸ் இசையின் பழம்பாடல்களைத் தமிழில் பாடினார். ஜாஸ் மெட்டில் தமிழ்ச் சொல் எவ்வாறு அமரும் என்பதைப் பாடியே காட்டிய முயற்சி அது.

2024ஆம் ஆண்டில் அவருடைய இரண்டு தொகுப்புகள் வெளிவந்தன. மார்ச் மாதம் வந்த ‘லைக் த ஸ்கை ஐவ் பீன் டூ கொயட்’ என்னும் தொகுப்பை வெளியிட்டவர், இலண்டனைச் சேர்ந்த இசைக்கலைஞர் ஷபாக்கா ஹட்சிங்ஸ். நவம்பரில் வந்த ‘டாட்டர் ஆஃப் எ டெம்பிள்’, அதாவது ‘ஒரு கோயிலின் மகள்’, பெர்லினில் இயங்கும் லைட்டர் நிறுவனத்தின் வெளியீடு. இந்த இரண்டாம் தொகுப்பு, டெக்சஸ் மாநிலத்தின் ஹூஸ்டன் நகரில், முப்பதுக்கும் மேற்பட்ட கலைஞர்களை அவர் ஒன்றுகூட்டி நடத்திய இசைக் கூடலில் பிறந்தது. அமெரிக்கத் தமிழரான பியானோ கலைஞர் விஜய் ஐயர், பாடகர் எஸ்பரான்சா ஸ்பால்டிங், நாடக இயக்குநர் பீட்டர் செல்லர்ஸ் ஆகியோர் அதில் பங்கேற்றனர். ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனும், கலிபோர்னியாவில் ஆசிரமம் நிறுவி வடமொழிப் பசனைகளைக் கறுப்பினத் தேவாலய இசையோடு இணைத்த அவருடைய துணைவியார் ஆலிஸ் கோல்ட்ரேனும் அந்தத் தொகுப்புக்கு ஊற்றாக அமைந்தவர்கள். அடுத்த ஆண்டான 2025இல் ‘நிலம்’ என்னும் தமிழ்ப் பெயருடன் அவருடைய அடுத்த தொகுப்பும் வெளிவந்தது.

இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஓர் ஆண்டில் வெளிவரும் படைப்பு அந்த ஆண்டில் விதைக்கப்பட்டதன்று. ஒலிப்பதிவுக்கும் வெளியீட்டுக்கும் இடையே தொகுத்தல், செப்பனிடல், உரிமை ஒப்பந்தம் என நெடுங்காலம் கழிகிறது. ஆகவே, ‘வரும் ஆண்டுத் திட்டம்’ என்று ஒரு கலைஞர் சொல்வதற்குப் பின்னால், முன்பே யாரோ இட்ட முதல் இருக்கிறது.

அந்த முதலை இட்டவர் யார் என்பது இரண்டாவது. ஹூஸ்டனை ஒட்டிய பியர்லாந்து நகரில் மீனாட்சி அம்மனுக்குக் கோயில் கட்டியவர்களில் தமிழர்களும் உண்டு. கோயிலின் மகள் என்று பெயரிட்ட தொகுப்பும் அதே ஹூஸ்டனில்தான் பாடப்பட்டது. ஆயினும் அதன் உறையில் உள்ள வெளியீட்டாளர் பெர்லினைச் சேர்ந்தவர். அது பெர்லினுக்குப் பெருமை. தமிழ்ச் செல்வர்களும் தமிழ் அமைப்புகளும் நிறைந்த அமெரிக்காவில் இத்தகைய படைப்புக்கு முதலிடும் தமிழ் அமைப்பு ஏன் ஒன்றுகூட உருவாகவில்லை என்பது நமக்கான கேள்வி.

ஃபிரீமாண்ட் காட்டும் வழி

“தமிழர்கள் திரைப்பாடல்களைத்தானே கேட்கிறார்கள், தனிக்கலைஞரை அழைத்தால் அரங்கு நிரம்பாது” என்று விழாக் குழுவினர் கூறுவதுண்டு. அரங்க வாடகையைக் கையிலிருந்து கட்டியவர்களின் கவலை அது, புறந்தள்ளத் தக்கதன்று. அதற்கு விடை தருபவர் சித் ஸ்ரீராம்.

சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாக அமெரிக்கா வந்து, வளைகுடாப் பகுதியின் ஃபிரீமாண்ட் நகரில் வளர்ந்தவர் அவர். தாயார் லதா ஸ்ரீராம் கர்நாடக இசை ஆசிரியர். 2013இல் வெளிவந்த ‘கடல்’ திரைப்படத்தின் ‘அடியே’ பாடல் மூலம் ஏ.ஆர்.ரகுமான் அவரைத் தமிழுலகுக்கு அறிமுகம் செய்தார். திரையிசை தந்த புகழோடு அவர் நின்றுவிடவில்லை. 2019இல் ‘என்ட்ரோபி’, 2023இல் ‘சித்தார்த்’ எனத் தம் பெயரில் தனித் தொகுப்புகளை வெளியிட்டார். 2024 ஏப்ரலில் கலிபோர்னியாவின் கோச்செல்லா விழா மேடையில் பாடினார். திரைப்பாட்டுக்காக வந்த செவிகள் தனிப்பாட்டையும் கேட்கும் என்பதற்கு அவருடைய பயணமே சான்று. அச்செவிகளை அங்கு அழைத்துச் செல்ல ஒருவர் வேண்டும், அவ்வளவுதான்.

வரவுப் பக்கம்

இனி இரண்டாம் ஏட்டைத் திறப்போம். இணையவழி இசைத் தளங்களில் ஒரு பாடலை ஒருமுறை கேட்டால், உரிமையாளருக்குச் சேர்வது ஒரு சென்டிலும் குறைவு. ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2024 முதல் மற்றொரு விதியையும் கொண்டுவந்தது. முந்தைய பன்னிரண்டு மாதங்களில் ஆயிரம் முறையேனும் கேட்கப்படாத பாடலுக்கு, அந்தத் தொகையும் கிடையாது. புதிதாகத் தொடங்கும் கலைஞருக்கு அது மூடிய கதவு.

ஓர் எளிய கணக்கு. இருநூறு குடும்பங்கள் தலைக்கு 25 டாலர் கொடுத்து ஒரு தொகுப்பைக் கலைஞரிடமிருந்து நேரடியாக வாங்கினால் 5,000 டாலர். பேண்ட்கேம்ப் போன்ற தளம் தன் பங்காகப் பதினைந்து விழுக்காடு எடுத்துக்கொண்டாலும் 4,000 டாலருக்கு மேல் கலைஞரின் கைக்கு வரும். அதே 5,000 டாலரை இசைத் தளங்கள் வழியே ஈட்ட, பாடல்கள் பத்து இலட்சம் முறைக்கு மேல் கேட்கப்பட வேண்டும். நியூ ஜெர்சியிலோ டாலசிலோ ஒரு பொங்கல் விழாவுக்கு வரும் குடும்பங்களில் இருநூறைத் தேர்வது அரிதன்று.

செலவுப் பக்கமும் உண்டு. தனித் தொழில் செய்வோர் அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு, முதியோர் மருத்துவம் ஆகியவற்றுக்கான வரியில் முதலாளியின் பங்கையும் சேர்த்துத் தாமே 15.3 விழுக்காடு கட்ட வேண்டும். வருமான வரி அதற்கு மேல். மருத்துவக் காப்பீடும் தம் செலவே. நிகழ்ச்சி முடிந்ததும் பொன்னாடையும் நினைவுப் பரிசும் தந்து வழியனுப்பும்போது, இச்செலவுகளில் ஒன்றுகூடக் குறைவதில்லை.

புகழ் வந்தால் பணம் தானே வரும் என்பதும் மெய்யன்று. 2021 மார்ச்சில் தீ, அறிவு ஆகியோர் பாடி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த ‘என்ஜாய் எஞ்சாமி’ கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டது. தேயிலைத் தோட்டத்தில் உழைத்த பாட்டி வள்ளியம்மாளின் நினைவிலிருந்து அறிவு எழுதிய வரிகள் உலகம் சுற்றின. மூன்றாண்டுகள் கழித்து, 2024 மார்ச்சில், அப்பாடல் வழியாகத் தங்களுக்கு வருவாய் ஏதும் வந்து சேரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகக் கூறினார். அத்துணைப் புகழ்பெற்றோர்க்கே இந்நிலை என்றால், உரிமை ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாத இளங்கலைஞரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அரங்கேற்றத்துக்குப் பிறகு

புலம்பெயர்ந்த தமிழர் கலைக்குச் செலவிடாதவர்கள் அல்லர். வார இறுதி தோறும் பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் பரதநாட்டிய வகுப்புக்கும் அழைத்துச் செல்கிறார்கள். அரங்கேற்றத்துக்கு ஒரு மகிழுந்தின் விலையைச் செலவிடும் பெற்றோரும் உண்டு. ஆனால் அரங்கேறிய பிள்ளை, “இதுவே என் தொழில்” என்று சொல்லும் நாளில் வீடே கலங்குகிறது. கலங்குவதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாண்டுகள் கற்பிக்கும் வழியை உருவாக்கிய சமூகம், கற்றபின் பிழைக்கும் வழியை உருவாக்கவில்லை.

முயன்றால் முடியாததும் இல்லை. ஹார்வர்டு தமிழ் இருக்கைக்குத் தேவைப்பட்ட 60 இலட்சம் டாலரை, உலகத் தமிழரும் தமிழ்நாட்டு அரசும் கைகோத்து 2018ஆம் ஆண்டளவில் திரட்டி முடித்தனர். ஒரு கலைஞரின் ஓராண்டுப் படைப்புக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூட வேண்டியதில்லை.

செய்யக் கூடியவை

விழா அரங்குகள் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்யப்படுகின்றன. வரும் ஆண்டின் மேடைகள் இவ்வாண்டு இறுதியிலேயே முடிவாகின்றன. ஆகவே தமிழ் அமைப்புகள் முன் சில வேண்டுகோள்கள் வைக்கப்படுகின்றன.

ஒன்று: ஒவ்வோர் ஆண்டு விழாவிலும், திரை நட்சத்திரத்தின் நிகழ்ச்சிக்கு முன்பாக, மக்கள் இருக்கையில் இருக்கும் நேரத்தில், ஒரு தனிக்கலைஞருக்கு முப்பது மணித்துளி ஒதுக்குக. பேசிய ஊதியத்தை எழுத்தில் தருக.

இரண்டு: ஆண்டுக்கு ஒரு புதிய படைப்புக்கு முதலிடுக. உரிமை கலைஞரிடமே இருக்கட்டும். அமைப்பின் பெயர் உறையில் ஒரு வரியாக இருந்தால் போதும்.

மூன்று: விழா மலருடன் கலைஞரின் தொகுப்பையும் நுழைவாயிலில் விற்பனைக்கு வைக்குக. வருவாய் முழுவதும் கலைஞருக்கே செல்லட்டும்.

நான்கு: கணினித் துறையில் இருப்போர் தம் திறனைக் கொடையாக்குக. ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் பன்னிரண்டு எழுத்தெண்கள் கொண்ட அனைத்துலகப் பதிவுக் குறியீடு உண்டு. பாடலாசிரியர், இசையமைப்பாளர் விவரங்கள் பிழையாக இருந்தால் சேர வேண்டிய பணம் சேராது. இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி ஆகியவற்றுக்கான உரிமத்தொகையைத் திரட்டும் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் அமைப்பு, அதில் 45 விழுக்காட்டை முதன்மைக் கலைஞருக்கு நேரடியாகத் தருகிறது. பதிவு செய்துகொண்டவருக்குத்தான் அது கிடைக்கும். 2021 முதல் இயங்கும் எம்.எல்.சி. அமைப்பு பாடல் எழுதியோருக்கும் இசையமைத்தோருக்கும் உரியதைப் பிரித்தளிக்கிறது. அதற்கும் பதிவு வேண்டும். தரவுத் தளங்களைப் பகலெல்லாம் பராமரிக்கும் பொறியாளர் ஒருவருக்கு இது ஒரு சனிக்கிழமை வேலை. ஒரு கலைஞருக்கு அது ஓராண்டு மருத்துவக் காப்பீட்டின் ஒரு பகுதியாகலாம்.

உறவுகளே, ஒரு கலைஞர் இவ்வாண்டு இறுதியில் தம் இரண்டு ஏடுகளையும் மேசைமேல் விரித்து அமர்ந்திருப்பார். படைப்பேட்டில் அடுத்த தொகுப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கும். வரவேட்டில் சில வரிகள் வெற்றிடமாக இருக்கும். அவ்வரிகளுள் ஒன்றில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் பெயர் எழுதப்பட வேண்டுமெனில், அதற்கான தீர்மானத்தை அச்சங்கம் அடுத்த செயற்குழுக் கூட்டத்திலேயே நிறைவேற்ற வேண்டும்.

அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் நல்வாழ்த்துகள்.