கடைசியாகத் தொட்டவள்
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



டிக்கோயா மழையில் நனைந்த சப்பாத்தோடு இதே மண்டபத்தில் நின்றவர்கள்தான் நாங்களும். வைத்தியர் என்றால் சத்துணவைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்திருப்பீர்கள். நாங்கள் ஒரு கணினியின் கதையோடு வந்திருக்கிறோம்.

2015இல் நாங்கள் வேலை செய்த வைத்தியசாலையின் பதிவறையில் பழைய லினக்ஸ் கணினி ஒன்று இருந்தது. கிளினிக் நாட்களில் கூட்டம் நிறைந்த நேரம் பார்த்து அப்படியே உறைந்துவிடும். அப்போதெல்லாம் அதன் முன் இருந்தவள் தற்காலிக வேலைக்கு வந்த ஒரு தோட்டத்துப் பிள்ளை. "இவள் கை பட்டால்தான் நிற்கிறது" என்றார்கள். நாங்களும் நம்பினோம். அவளை நிறுத்தக் கடிதமும் தயாரானது.

நம் பாடசாலையில் படித்த பொறியியலாளர் தங்கை ஒருத்தி வந்து பார்த்தாள். கணினியின் கடைசி வார்த்தைகளைப் பிடிக்க இன்னொரு கணினியைக் கேபிளால் இணைத்தாள். பிறகு விளக்கினாள். இயங்குதளத்தின் உட்கருவான கர்னலில் ஒரு வேலை இன்னொன்றை அழைக்கும், அது மற்றொன்றை அழைக்கும். எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்புகள் 'ஸ்டாக்' என்னும் சிறிய இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும். 64 பிட் லினக்ஸில் 2014 வரை அந்த இடம் 8 கிலோபைட்தான். பிறகே 16 ஆனது. எங்கள் கணினியில் இருந்தது பழைய பதிப்பு.

கூட்டம் கூடினால் நினைவகம் நெருக்கடியாகும். இடம் பிடிக்க, பாதி வேலையில் இருக்கும்போதே கர்னல் வட்டில் எழுதத் தொடங்கும். ஏற்கெனவே ஆழமாயிருந்த அடுக்கின் மேல் இன்னும் பல அடுக்கு. கூடை நிரம்பிய பிறகும் கொழுந்தைத் திணிப்பது போல! வழிந்தது பக்கத்து நினைவகத்தைக் கெடுக்கும். விழுவதோ சிறிது பிந்தி, வேறோர் இடத்தில். அறிக்கையில் கடைசியாக வரும் பெயர் பெரும்பாலும் குற்றவாளியில்லை. (படியில் மயங்கி விழுந்தவரின் நோயைப் படியிலா தேடுகிறோம்? எங்களுக்கே அது தோன்றவில்லை.)

ஸ்டாக் எவ்வளவு ஆழம் போகிறது என்று குறிக்கும் வசதியை இயக்கி, அவள் மூன்று கிளினிக் நாட்கள் காத்திருந்தாள். மூன்றாம் நாள் அளவு விளிம்பைத் தொட்டது. அன்று அந்தப் பிள்ளை லீவு. கணினியின் முன் இருந்தவர்கள் நாங்கள்.

கர்னலைப் புதுப்பித்தார்கள். 2016இல் வந்த 4.9 பதிப்பில், ஸ்டாக்கின் எல்லையில் ஒரு வெற்றுப் பக்கத்தைக் காவலாக வைக்கும் வசதியும் வந்தது. அதனால் வழிந்த இடத்திலேயே பிடிபடும்.

கடிதத்தைக் கிழித்துவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "அது பரவாயில்ல டொக்டர், அந்தக் கணக்கை எப்படிப் பார்க்கிறதுன்னு எனக்கும் காட்டச் சொல்லுங்க" என்றாள்.