பயமும் வேடிக்கையும்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாள். குஜிலியம்பாறை சுற்றுவட்டாரத்தில் நம் மக்கள் அந்த நாளை எப்படிக் கொண்டாடுவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். முந்தின நாளே முள்ளையும் புல்லையும் வெட்டி, கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். மறுநாள் மாலை செவ்வந்தி மாலையும் மெழுகுதிரியும் ஊதுபத்தியுமாகக் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கல்லறைகளை மந்திரித்து முடிப்பதற்குள் பிள்ளைகள், காற்றில் அணைந்த திரிகளை மறுபடி ஏற்றிக்கொண்டு கல்லறைக்குக் கல்லறை ஓடுவார்கள். சிறு வயதில் நாமும் அப்படி ஓடியவர்கள்தான்.

இந்த ஆண்டு ஒரு சிறுவன் கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டான். ஒன்பது வயதுப் பையன். போன ஆண்டு தன் தாத்தாவின் கல்லறையில் முதல் திரியை ஏற்றியவன். "ஏன் தம்பி, உள்ளே வரலையா?" என்று கேட்டோம். அம்மாவின் சேலையை இறுகப் பிடித்துக்கொண்டு, "மண்ணுக்குள்ள இருந்து கை வந்து இழுத்துரும் ஃபாதர்" என்றான். எங்கே பார்த்தாய் என்று விசாரித்தால், செல்போனில். பேய் வீடு என்று சொல்லப்படும் இடத்தில் ஒரு ராத்திரி தங்கினால் பரிசு என்று ஒரு விளையாட்டு நிகழ்ச்சி. அண்ணன்மாரோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறான். அண்ணன்மார் சிரித்தார்கள். இவனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அந்த வாரம் அன்பியக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேச்சு எடுத்தோம். இந்த மாதிரி நிகழ்ச்சிகளைப் பார்க்கும்போது உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று ஒவ்வொருவரையும் கேட்டோம். கல்லூரிக்குப் போகும் இளைஞர் ஒருவர், "செம காமெடி ஃபாதர், அவங்க அலறுறதப் பாத்தா சிரிப்பு தாங்காது" என்றார். ஒரு பாட்டி, "பாத்துட்டு வீடெல்லாம் தீர்த்தம் தெளிச்சேன் சாமி" என்றார். நூற்பாலையில் இரவு ஷிப்டு பார்க்கும் ஒருவர், "முழிச்சிருக்கிறதுக்கு அதப் போட்டுப் பாப்போம்" என்றார். உண்மையைச் சொன்னால், நமக்கும் அவற்றில் ஒன்றைப் பார்த்துச் சிரிப்பு வந்ததுண்டு. அதனால் யாரையும் குற்றம் சொல்லும் இடத்தில் நின்று இன்று பேசவில்லை.

இப்படிப்பட்ட நிகழ்ச்சிகள் நேற்று வந்தவை அல்ல. 2000-ஆம் ஆண்டு அமெரிக்காவில் எம்.டி.வி. 'ஃபியர்' என்ற ஒன்றைத் தொடங்கியது. 'ஃபியர்' என்றால் பயம். பாழடைந்த சிறை, மூடப்பட்ட மருத்துவமனை போன்ற இடங்களுக்கு இளைஞர்களை இரவில் அனுப்பி, அவர்கள் உடம்பிலேயே கேமராவைக் கட்டிவிட்டார்கள். கடைசிவரை தாக்குப்பிடித்தவர்களுக்குப் பணம். அடுத்த ஆண்டு என்.பி.சி. அலைவரிசையில் 'ஃபியர் ஃபேக்டர்' வந்தது. உயரம், பாம்பு, பூச்சி, அருவருப்பான தீனி என்று மனிதருக்கு எதெல்லாம் கூசுமோ அதெல்லாம் அங்கே போட்டி. நம் நாட்டில் 2006-இல் சோனி தொலைக்காட்சி அதன் இந்தி வடிவத்தைக் கொண்டுவந்தது. 2008-இல் கலர்ஸ் தொலைக்காட்சி நடிகர் அக்ஷய் குமாரை வைத்து 'கத்ரோன் கே கிலாடி' என்று அதையே பெரிய அளவில் தொடங்கியது. 2010-இல் எம்.டி.வி. இந்தியா, பேய் நடமாட்டம் உண்டு என்று சொல்லப்படும் இடங்களுக்கு இளம்பெண்களை இரவில் அனுப்பிப் போட்டி நடத்தியது. தமிழ் வீடுகளுக்கும் திகில் புதிதில்லை. 1990-களில் 'மர்மதேசம்' தொடர் வரும் இரவில் தெருவே அடங்கிக் கிடந்ததை இங்கே பலர் இன்றும் சொல்வார்கள். ஆனால் அது கதை. நடிகர் நடிக்கிறார் என்று பார்ப்பவருக்குத் தெரியும். இப்போது வருவதில், ஓர் ஆள் உண்மையாகவே பயப்பட வேண்டும். அந்தப் பயம்தான் விற்பனைப் பொருள்.

பார்ப்பவர்களுக்கு இதனால் என்ன ஆகிறது? இரண்டு நிகழ்ச்சிகளைச் சொல்கிறோம்.

1992 அக்டோபர் 31 இரவு. இங்கிலாந்தில் பி.பி.சி. 'கோஸ்ட்வாட்ச்' என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. முன்பே படம்பிடித்து முடித்த நாடகம் அது. ஆனால் ஒரு வீட்டில் பேய் இருக்கிறதா என்று நேரடியாக ஆராய்வதுபோல, மக்கள் நம்பிக்கை வைத்திருந்த மைக்கேல் பார்க்கின்சன் என்ற தொகுப்பாளரை உட்கார வைத்துக் காட்டினார்கள். சந்தேகம் இருந்தால் கூப்பிடுங்கள் என்று ஒரு தொலைபேசி எண்ணும் கொடுத்திருந்தார்கள். கூப்பிட்டால் இது கற்பனைதான் என்று சொல்லும் ஏற்பாடு. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதால் பலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை. பத்து வயதுச் சிறுவர்கள் இருவருக்கு அந்தப் பயம் நோயாகவே மாறிப்போனதை 1994-இல் மருத்துவர்கள் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். கேட்டுக்கு வெளியே நின்ற நம் பையனை அப்போது நினைத்துக்கொண்டோம்.

மற்றொன்று 2005-இல் அமெரிக்காவில் நடந்தது. 'ஃபியர் ஃபேக்டரில்' போட்டியாளர்கள் எலியை அரைத்துக் குடித்ததைப் பார்த்த ஒருவர், தமக்குத் தலைசுற்றி, வாந்தி வந்து, எழுந்து ஓடும்போது கதவில் மோதிக்கொண்டதாகச் சொல்லி, 25 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நீதிமன்றம் வழக்கைத் தள்ளிவிட்டது. டி.வி.யை அணைத்திருக்கலாமே என்று உலகமே அவரைப் பார்த்துச் சிரித்தது. சட்டப்படி அது சரிதான். ஆனாலும் ஒரு விஷயம் கவனியுங்கள். ஒரு மனிதன் அவதிப்படுவதைப் பார்த்து அவருக்கு வயிறு குமட்டியது. நமக்குச் சிரிப்பு வந்தது. இருவரில் யாருடைய மனம் இன்னும் மரத்துப் போகாமல் இருந்தது என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ளலாம்.

புனித அகுஸ்தினார் தமது சுயசரிதையின் ஆறாம் புத்தகத்தில் அலிப்பியுஸ் என்ற நண்பரைப் பற்றி எழுதுகிறார். உரோமையில் சட்டம் படிக்கப் போன நல்ல இளைஞர். மனிதரை மனிதர் வெட்டிக் கொல்லும் அரங்க விளையாட்டு அவருக்கு அறவே பிடிக்காது. ஒருநாள் நண்பர்கள் கையைப் பிடித்து இழுத்துப் போய் அரங்கத்தில் உட்கார வைத்தார்கள். நான் கண்ணைத் திறக்கமாட்டேன் என்று உறுதியாக உட்கார்ந்தார். கூட்டம் 'ஓ'வென்று கத்தியதும் என்னவோ ஏதோவென்று கண்ணைத் திறந்தார். அவ்வளவுதான். இரத்தத்தைப் பார்த்ததும் அந்த வெறி அவரையும் பிடித்துக்கொண்டது. பிறகு தானே மற்றவர்களை அழைத்துப் போகிறவராக ஆனார். காதையும் பொத்திக்கொண்டிருக்கலாமே என்று அகுஸ்தினார் வருந்துகிறார். நம் வீடுகளில் அந்தக் கூட்டத்தின் இரைச்சலை, நிகழ்ச்சியோடு வரும் சிரிப்பொலியும் பின்னணி இசையும் செய்கின்றன. பக்கத்தில் இருப்பவர் சிரித்தால் நாமும் சிரிக்கிறோம். அலிப்பியுஸை ஆண்டவர் பின்னர் மீட்டுக்கொண்டார். அவர் ஓர் ஆயராகவும் ஆனார். ஆகவே நமக்கும் நம்பிக்கை உண்டு.

அன்பியக் கூட்டத்துக்குத் திரும்புவோம். எல்லாரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சகோதரி பேசினார். அவருடைய சம்மதத்தோடுதான், பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, இதைச் சொல்கிறோம். "அந்தப் புள்ளைங்க பயந்துட்டா ஒரு வார்த்தை சொன்னாப் போதும் சாமி, கதவத் தொறந்து வெளிய விட்டுருவாங்க. வெள்ளிக்கிழமை காலையில குழுக்கடன் வசூலுக்கு வண்டி வந்து வாசல்ல நிக்கும். அந்தச் சத்தம் கேட்டா எனக்கு நெஞ்சு படபடன்னு அடிச்சுக்கும். பின்கட்டுக்குப் போய் நின்னுக்குவேன். எனக்கு யாரு கதவத் தொறந்து விடுவா?"

கூட்டம் அமைதியாகிவிட்டது. அவர் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர்கள்கூட அங்கே இருந்தார்கள். அந்த வண்டிச் சத்தம் ஒவ்வொரு வெள்ளியும் அவர்களுக்கும் கேட்டதுதான். முகம் தெரியாத ஓர் ஆள் இருட்டறையில் நடுங்குவதை ராத்திரி பத்து மணிவரை உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்து வீட்டில் நடுங்கியவரைப் பார்க்கவில்லை.

பிரியமானவர்களே, மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். ஐயாயிரம் பேர் பசியாறிய நாளின் இரவு. சீடர்கள் படகில் போகிறார்கள். எதிர்க்காற்று. துடுப்பு வலித்து ஓய்ந்துபோகிறார்கள். இயேசு தனியே கரையில் இருக்கிறார். அவர்கள் வருந்துவதை அவர் கரையிலிருந்து பார்த்தார் என்று மாற்கு எழுதுகிறார். பார்த்தவர் பார்த்துக்கொண்டே நிற்கவில்லை. விடியுமுன் கடல்மீது நடந்து அவர்களிடம் வருகிறார். சீடர்கள் அவரைப் பேய் என்று நினைத்து அலறுகிறார்கள். கடலிலேயே பிறந்து வளர்ந்த முரட்டு மீனவர்கள் அலறுகிறார்கள்! அவர் சிரிக்கவில்லை, இன்னும் கொஞ்ச நேரம் பயப்படட்டும் என்று விடவும் இல்லை. நான்தான், அஞ்ச வேண்டாம் என்று உடனே பேசுகிறார். அதோடு நிற்காமல் அவர்களுடைய படகில் ஏறுகிறார். காற்று அடங்குகிறது.

உயிர்த்த பிறகும் இதே கதைதான். லூக்கா 24-ஆம் அதிகாரத்தில், ஆவியைக் காண்பதாகச் சீடர்கள் கலங்கினார்கள். ஆண்டவர் தம் கையையும் காலையும் காட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். அதுவும் போதாதபோது சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன்னே சாப்பிட்டார். பயந்தவரைத் தேற்ற ஆண்டவர் எவ்வளவு இறங்கி வருகிறார் பாருங்கள்!

"அப்படியானால் பேய் உண்டா சாமி?" என்று பாட்டி கேட்டார். தீமை உண்டு, சோதிப்பவன் உண்டு என்று திருச்சபை போதிக்கிறது. ஆனால் இறந்த நம் உறவினர் நம்மைப் பயமுறுத்த இருட்டில் அலைவதில்லை. அவர்கள் கடவுளின் கையில் இருக்கிறார்கள். இறந்தோரை வரவழைக்க முயல்வதையும் குறி கேட்பதையும் திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாக விலக்குகிறது. நாம் அவர்களுக்காக வேண்டுகிறோம். அதற்காகத்தான் நவம்பர் மாதம் முழுவதும் திருப்பலியில் அவர்கள் பெயரைச் சொல்கிறோம். பேய்க் கதைகளில் வருபவர்களை உருவத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். நம்மை விட்டுப் போனவர்களை நாம் பெயர் சொல்லி நினைக்கிறோம்.

இனி நம் வீடுகளில் என்ன செய்யலாம்? 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சமூகத் தொடர்புச் சாதனங்களைப் பற்றி ஓர் ஆணை வெளியிட்டது. எதைப் பார்ப்பது என்று தேர்ந்துகொள்ளும் கடமை பார்ப்பவருக்கே உண்டு என்று அது நினைவூட்டுகிறது. பிள்ளை கையில் செல்போனைக் கொடுத்துவிட்டுச் சமையல் பார்க்கும் தாயே, இரவு எட்டு மணிக்கு மேல் அதைத் திருப்பி வாங்கி வையுங்கள். பிள்ளை ஏற்கெனவே பார்த்துப் பயந்திருந்தால் திட்டாதீர்கள், கேலி செய்யாதீர்கள். பக்கத்தில் படுக்க வையுங்கள். விளக்கு, இசை, வெட்டி ஒட்டிய படம் எல்லாம் சேர்ந்து எப்படிப் பயமுறுத்துகின்றன என்று பகலில் சொல்லிக் கொடுங்கள். சோறு ஊட்ட, தூங்க வைக்கப் பூச்சாண்டியைக் கூப்பிடும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மூடநம்பிக்கையை ஊக்குவிக்கும் நிகழ்ச்சிகளை 1994-ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளே தடுக்கின்றன. வரம்பு மீறினால் பார்ப்பவர் யாரும் புகார் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் பங்கு அலுவலகத்துக்கு வாருங்கள், எழுதித் தருவோம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நடந்ததையும் சொல்ல வேண்டும். நாம் யாரையும் ஏவவில்லை. அந்தச் சகோதரியின் வீட்டுத் திண்ணையில் காலையிலேயே அன்பியத்தைச் சேர்ந்த இரண்டு பெண்கள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். வண்டி வந்தது. அவர் பின்கட்டுக்குப் போகவில்லை. அவர்கள் பக்கத்தில் இருக்கும்போதே வெளியே வந்து, இந்த வாரம் இவ்வளவுதான் முடியும் என்று நிமிர்ந்து சொன்னார். கடன் அப்படியேதான் இருக்கிறது. எப்படி அடைப்பது என்று இப்போது அன்பியத்தில் நான்கு பேர் சேர்ந்து யோசிக்கிறார்கள்.

அந்தப் பையனும் வந்தான். ஒரு ஞாயிறு, காலைத் திருப்பலி முடிந்து நல்ல வெயிலில், அவன் பாட்டியும் நாமும் ஆளுக்கு ஒரு கையைப் பிடித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குள் போனோம். தாத்தா பெயரை வாசி என்றோம். கல்லில் வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டி வாசித்தான். "தாத்தா எனக்கு முறுக்கு வாங்கித் தருவாரு" என்றான். பிறகு தீப்பெட்டியைக் கேட்டு வாங்கினான்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் யார் பயந்துகொண்டிருக்கிறார் என்று கொஞ்சம் பாருங்கள். மருத்துவமனை அறிக்கைக்குக் காத்திருப்பவர் இருக்கலாம். கணவர் குடித்துவிட்டு வரும் நேரத்தை எண்ணி நடுங்குபவர் இருக்கலாம். தேர்வு முடிவை நினைத்துச் சாப்பிடாத பிள்ளை இருக்கலாம். ஒருவரையாவது தேடிப் போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.

செபிப்போம். ஆண்டவரே, இருட்டிலும் புயலிலும் தவித்த சீடரின் படகில் நீர் ஏறினீர். பிறர் பயத்தை வேடிக்கை பார்த்த எங்களை மன்னியும். எங்கள் பிள்ளைகளுக்கு நல்ல தூக்கத்தைத் தாரும். தனியே நடுங்குவோரிடம் எங்களை அனுப்பும். இறந்த எங்கள் சகோதர சகோதரிகளுக்கு நித்திய இளைப்பாற்றியை அளித்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக மன்றாடுகிறோம். ஆமென்.