எழுபது டிகிரியில் ஒரு மேடு

மார்கழி விடியலில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு விழாது. வெயிலில் வைத்தால் உருகிவிடும். அந்த உருகலைத்தான் நான் புற்றுநோய் மருந்துக்குள் தேடுகிறேன்.

டாக்சோரூபிசின் செக்கச்செவேல் என்றிருக்கும் மருந்து. புற்றுச் செல்லைக் கொல்லும். அளவு மீறினால் இதயத் தசையையும் கெடுக்கும். அதனால் அதைக் கொழுப்பாலான நுண்குமிழில் அடைத்து ஏற்றுகிறார்கள். குமிழின் பெயர் லிப்போசோம். இங்கிலாந்தில் 1960களில் அலெக் பாங்ஹாம் கண்டறிந்தது. 1995இல் அமெரிக்காவில் டாக்சில் என்ற பெயரில் மருந்தாக வந்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இது ஏறியிருந்தால் கவனித்திருப்பீர்கள்: தெளிந்த சிவப்பாக இருக்காது, துளி பால் கலந்தாற்போல மங்கியிருக்கும். அந்த மங்கல்தான் குமிழ்கள். ஒவ்வொன்றும் 100 நானோமீட்டருக்கும் குறைவு.

நொடியில் உறையவைத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் குமிழ் ஒவ்வொன்றும் காப்பிக்கொட்டை போலத் தெரியும். நடுவில் ஓடும் கோடுதான் மருந்து. உள்ளே இருக்கும் சல்பேட்டோடு சேர்ந்து படிகமாகிவிடுகிறது. அதனால்தான் எளிதில் கசிவதில்லை.

இனி எனக்குப் பிடித்த இடம். வெப்பத்தை அளக்கும் எங்கள் கலோரிமானியில் இரண்டு சிறு அறைகள். ஒன்றில் வெறும் உப்புக்கரைசல், மற்றதில் மருந்து. இரண்டையும் ஒரே சீராகச் சூடேற்றுவோம். எதற்குக் கூடுதல் வெப்பம் தேவைப்படுகிறது என்று கருவி வரைந்துகொண்டே போகும். டிபிபிசி என்ற கொழுப்பு மட்டும் இருந்தால் 41 டிகிரியில் கோபுரம்போல ஒரு மேடு எழும். விறைத்து நின்ற கொழுப்பு வால்கள் தளர்கிற கணம் அது. கொலஸ்டிரால் சேர்க்கச் சேர்க்க அந்தக் கோபுரம் அமுங்கிவிடும்.

கொலஸ்டிரால் சேர்ந்த, மருந்தேறிய குமிழை முதன்முதலில் வைத்தபோது 60 டிகிரி வரை கோடு நேராகவே போனது. நிறுத்தக் கை நீட்டினேன். "இன்னும் கொஞ்சம் போகட்டும்மா" என்றார் என் ஆசிரியர். 70ஐ ஒட்டி மெல்ல ஒரு மேடு எழுந்தது. உருகியது கொழுப்பு அல்ல, உள்ளே இருந்த மருந்துப் படிகம்! குமிழை உடைக்காமலே அதன் வயிற்றுக்குள் இருப்பதைத் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. அன்றிலிருந்து, இரண்டு மருந்துகளின் சேர்மானம் ஒன்றுதான் என்று யார் சொன்னாலும் அந்த மேட்டைப் பார்க்காமல் நான் ஒப்புவதில்லை.

கொழுப்பு உருகுவதையே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள். கட்டி இருக்கும் இடத்தை மட்டும் 40, 42 டிகிரிக்குச் சூடாக்கி, அங்கேயே மருந்தைத் திறந்துவிடும் குமிழ்களும் உண்டு. பெரிய சோதனைகளில் அவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ஆனாலும் ஆய்வு நிற்கவில்லை. ஒருநாள் அது கைகூடும் என்று நம்புகிறேன்.